மீதி நான்கு நிமிடம்

என் பேத்தி எழுதிய இசை மொத்தம் முப்பத்தொரு நிமிடம். அதில் இருபத்தேழு நிமிடம் நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. மீதி நான்கு நிமிடம் நடக்கவில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் "நாலு நிமிஷம்தானே" என்கிறார்கள். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு மேற்கூரையில் எட்டில் ஒரு பங்கைப் போடாமல் விட்டால், "எட்டில் ஒரு பங்குதானே" என்று உள்ளே குடிபோவார்களா?

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறுவடைக் காலத்தில் வயலுக்கு நடுவே சதுரம் கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அடித்து நிறுத்துக் கணக்கு எழுதியிருக்கிறேன். கால்நடைக் கணக்கெடுப்பின்போது நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கோழிகளை எண்ணியிருக்கிறேன். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பூசைக்குப் போனால் சாமியார் பிரசங்கம் முடிப்பதற்குள் கோயிலில் எத்தனை மின்விசிறி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். சேலம் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்தக் கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்தில்தான் என் பேத்தி பியானோவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய பெட்டி அது. எண்பத்தெட்டுக் கட்டை. வெள்ளை ஐம்பத்திரண்டு, கறுப்பு முப்பத்தாறு. அதில் மூன்று பேசாது. மடத்தில் ஒரு சிஸ்டருக்கு வாசிக்கத் தெரியும்; அவர் சொல்லிக் கொடுத்தார். பேசாத மூன்று கட்டை வரும் இடத்தில் குழந்தை தானே வாயால் பாடி நிரப்பினாள். பிறகு வார இறுதிகளில் ரயில் ஏறிச் சென்னையில் படித்தாள். பிறகு உதவித்தொகை கிடைத்து, ஐரோப்பாவில் பனி பெய்யும் ஒரு ஊரில் ஐந்து வருடம் இருந்து, வாசிப்பு, இசை எழுதுவது, வாத்தியக் குழுவை நடத்துவது மூன்றையும் கற்றாள்.

இதை என் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் எனக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டானது.

"சினிமாவுக்கு மியூசிக் போடுதா பாப்பா?"

"இல்லை."

"அப்போ கச்சேரியா?"

"ஒரு விதத்தில் அப்படித்தான். குழுவை நடத்துவாள். கண்டக்டர்."

"கண்டக்டரா? எந்த ரூட்டு?"

இந்த நகைச்சுவையை இதுவரை என்னிடம் இருபத்திரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தான்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்ற நினைப்பில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி வரும். "அப்ப வாசிக்கிறது வேற ஆளுங்க, இவ கையை மட்டும் ஆட்டுவா. அதுக்கா அஞ்சு வருஷம்?" என் தங்கை மகன் திருமணத்தில் அவளை வாசிக்கக் கூப்பிட்டார்கள். மணப்பெண் வாசலிலிருந்து மேடைக்கு வருவதற்குள் முடிய வேண்டும் என்றார்கள். பெண் வேகமாக நடந்துவிட்டாள். பாதியில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். நிறுத்தினாள். அன்று பிரியாணி இலையில் முட்டையை மட்டும் தின்றுவிட்டு எழுந்தாள்.

படிப்பு முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பனி ஊரிலேயே ஒரு வாத்தியக் குழுவில் துணை நடத்துநராக இரண்டு வருட வேலை தயாராக இருந்தது. போகிறாளா இல்லையா என்று அவள் பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த அவகாசத்தில்தான் நாமக்கல் பள்ளிக்கூடத்துத் தாளாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கோழிப் பண்ணையில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர் அவர். பெரிய விடுதிப் பள்ளி. நான் கோழி எண்ணப் போன பண்ணைகளில் அவருடைய அப்பா பண்ணையும் ஒன்று. அந்தப் பழக்கத்தில் என்னை "ஐயா" என்பார். என் பேத்தியை "அம்மிணி" என்பார்.

"ஏனுங்க ஐயா, நம்ம பசங்க நீட்டுக்குப் படிக்குது, ஐஐடிக்குப் படிக்குது. எல்லாம் படிக்குது. ஒண்ணு பாட மாட்டேங்குதுங்க. பாத்ரூம்ல கூடப் பாட மாட்டேங்குது. அம்மிணி வந்து ஒரு பாட்டுக் குழு ஆரம்பிச்சுக் குடுக்கட்டும். வயலின் வாங்கித் தாரேன். தனிக் கட்டடமே கட்டித் தாரேன். நம்ம ஊட்டுப் புள்ள ஏனுங்க வெளிநாட்டுக்குப் போகோணும்?"

எனக்கும் அதுதான் கேள்வி. அவளிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் எழுதினது ஒண்ணு இருக்கு தாத்தா. அதை இந்த ஊர்ப் பசங்களை வெச்சுப் பண்றேன். இந்த ஊர் ஆளுங்க ஒரு தடவை முழுசா கேக்கட்டும். கேட்டுட்டாங்கன்னா நான் இங்கேயே இருந்துடறேன்."

"பிடிக்கலைன்னா?"

"பிடிக்கணும்னு நான் சொல்லவே இல்லையே. முழுசா கேக்கணும்னுதான் சொன்னேன்."

இவ்வளவு எளிதான நிபந்தனையை யாரும் எனக்கு வைத்ததில்லை என்று அன்று மகிழ்ச்சியாகப் படுத்தேன்.

அவள் எழுதியிருந்தது லாரியைப் பற்றி. நாமக்கல்லில் லாரிச் சட்டத்தின்மேல் பலகைக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியது. பட்டறைக்குள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் நின்றுகொண்டு, "வா, வா, வா, லெப்ட்ல ஒடி, வா, வா" என்று கத்துவான் அல்லவா? அதையே நாற்பத்திரண்டு குழந்தைகள் நான்கு பிரிவாகப் பிரிந்து பாடுவார்கள். கீழே பியானோ, அதை வாசித்தபடியே அவள் குழுவை நடத்துவாள். பக்கத்தில் அவளுடைய சென்னை நண்பர்கள் ஆறு பேர் வயலினும் செல்லோவும். முதல் நாள் பயிற்சியில் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "மிஸ், எங்க மாமா இப்படித்தான் கத்துவாரு" என்றானாம் ஒருவன். "மாமா எப்படிக் கத்துவாரு, கத்திக் காட்டு" என்று அவனையே முதல் வரிசையில் நிறுத்திவிட்டாள்.

பாட்டு வளர்ந்து வளர்ந்து, "போதும்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள். ஒரு பெண் குழந்தை லாரிப் பலகையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டும். டம், டம். கிளீனர் தட்டினால் வண்டி நிற்க வேண்டும், இல்லையா? நிற்கும். அங்கே யாரும் பாட மாட்டார்கள், யாரும் வாசிக்க மாட்டார்கள். மெதுவாகப் பன்னிரண்டு எண்ண வேண்டும். பேத்தி கையை மேலே தூக்கியபடி நிற்பாள். பன்னிரண்டு முடிந்ததும் கை இறங்கும். அந்தக் கடைசி நான்கு நிமிடம் தொடங்கும். அது என்ன என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். "அன்னைக்குக் கேளுங்க."

சனிக்கிழமை நிகழ்ச்சி. திங்கட்கிழமைக்குள் அவள் அந்தப் பனி ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பியானோவை எங்கள் வீட்டிலிருந்து லாரியில் கொண்டுபோனார்கள். மடத்திலிருந்து நாங்கள் வாங்கிச் சரிசெய்த அதே பியானோதான். இப்போது எண்பத்தெட்டும் பேசும். நாங்கள் அரங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலையும் போட்டிருந்தார்கள். மாலையைக் கழற்றச் சொன்னாள். சந்தனத்தை விட்டுவிட்டாள்.

அரங்கில் முதல் வரிசையில் சோபாக்கள். நடுச் சோபாவில் தாளாளருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். முன்னால் கண்ணாடி மேசை. அதில் தண்ணீர்ப் பாட்டில், முந்திரி, பூங்கொத்து. எழுந்து போக வழியே இல்லாத இடம். மூட்டுவலிக்காரனை ஏன் அங்கே உட்கார வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மரியாதை என்றார்கள்.

சிறப்பு விருந்தினர் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். வந்ததும் பொன்னாடை. தொகுத்து வழங்கியவர் அந்தப் பள்ளியின் தமிழாசிரியர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நிலா, இமயமலை, சிங்கம் மூன்றில் ஒன்றைச் சேர்த்தார். பதினான்கு பொன்னாடை. நான்தான் எண்ணினேன், வேறு யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். சென்னை நண்பர்கள் வயலினைத் தோளில் வைப்பதும் இறக்குவதுமாக இருந்தார்கள். அவர்களுக்குச் சேலத்தில் இரவு பத்து மணிக்கு ரயில்.

கடைசியில் இசை தொடங்கியது.

எனக்கு இசை தெரியாது. எண்ணத் தெரியும். குழந்தைகள் ஒரு பிரிவு மூன்று மூன்றாக "வா" சொல்ல, இன்னொரு பிரிவு நான்கு நான்காகச் சொன்னது. இரண்டும் பன்னிரண்டில் சந்தித்தன. சந்திக்கும்போதெல்லாம் பியானோ கீழிருந்து ஒரு அதட்டல் போட்டது. பின்வரிசைகளில் பெற்றோர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. என் பக்கத்தில் தாளாளர் முந்திரியை வாயில் போட்டவர் மெல்லாமல் இருந்தார். லாரிக்காரர்கள் நிறைந்த ஊர் அது. இது என்ன சத்தம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டி பின்னால் வருவது போலவே இருந்தது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"போதும்!" டம், டம்.

பேத்தியின் கை மேலே நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு.

மூன்றில் கைதட்டல் வெடித்தது. தொள்ளாயிரம் பேர் கைதட்டினார்கள். விசில் வேறு. தமிழாசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இடியும் மின்னலும் சேர்ந்து பொழிந்த இசை மழை!" என்றார். தாளாளர் எழுந்து, பக்கத்து வரிசையில் இருந்த தம் மனைவியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பெண்ணுக்கு ஆண் பொன்னாடை போர்த்துவதில்லை. அதற்கு வீட்டம்மாதான் மேடைக்குப் போக வேண்டும். அந்த அம்மா என் பேத்திக்கென்றே இளம்பிள்ளை ஊர் நெசவாளர்களிடம் சொல்லி நெய்து வாங்கிய பட்டுச் சேலையைத் தட்டில் வைத்திருந்தார். தட்டோடு படியேறினார்.

நான் தாளாளரின் கையைப் பிடித்தேன். "இன்னும் இருக்குதுங்க."

"இருக்கட்டுங்க ஐயா. இது ஒரு நிமிசம். ஆனதும் பாடட்டும்."

"நடுவில் நிறுத்தக் கூடாதுங்க."

"நிறுத்தலீங்களே ஐயா, அம்மிணியே நிறுத்திட்டு நிக்குது பாருங்க."

எழுந்திருக்கப் பார்த்தேன். கண்ணாடி மேசை முழங்காலில் இடித்தது. மேடையில் அந்த அம்மா மடிப்புக் கலையாத சேலையை என் பேத்தியின் தோளில் போர்த்தினார். தூக்கிய கை இறங்கவில்லை. சேலை ஒரு பக்கம் சரிந்தது. அந்த அம்மா மறுபடி ஏற்றிவிட்டார். அடுத்து நினைவுப் பரிசு, கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு வீணை. அடுத்து, சிறப்பு விருந்தினர், "ரெண்டே நிமிடம் பேசுகிறேன்" என்று மைக்கை வாங்கிப் பத்தொன்பது நிமிடம் பேசினார். பேச்சில் இசைக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்பைக் கூறினார். இரண்டும் உடலுக்கு நல்லதாம். என் பேத்தி எப்போது கையை இறக்கினாள் என்று தெரியவில்லை. நான் பார்த்தபோது பியானோ முக்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் இருந்த பட்டுச் சேலை மேல் வைத்திருந்தாள். சென்னை நண்பர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வயலின்களைப் பெட்டிக்குள் வைத்தார்கள். விடுதியில் சாப்பாட்டு மணி அடித்தது. ஒலிபெருக்கிக்காரர் தேசிய கீதத்தைப் போட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்?

திரும்பி வரும்போது என் மகன் கார் ஓட்டினான். அவள் பின்னால் என் பக்கத்தில் இருந்தாள். "எத்தனை பேர் தாத்தா?" என்றாள்.

"தொள்ளாயிரத்துச் சொச்சம்."

"அத்தனை பேரும் அது முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க, இல்ல?"

"அடுத்த தடவை…" என்று ஆரம்பித்தேன். எனக்கே அந்த வார்த்தை பிடிக்கவில்லை. சுங்கச்சாவடியில் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் பதினொரு வண்டி. அதையும் திட்டினேன்.

மறுநாள் பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தாளாளரும் மனைவியும் வந்தார்கள். கையில் இரண்டு அட்டை முட்டை.

"அம்மிணி எங்கீங்க ஐயா? ஊரே பேசுதுங்க. கடேசில பலகையில ரெண்டு தட்டு, அதோட பட்டுனு முடிச்சுது பாருங்க, எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. எங்க டிரைவரு ராத்திரி பூராத் தூங்கலயாம்."

"அதோடு முடியவில்லை" என்றேன்.

"என்னங்க?"

"இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அதைப் பாட விடவில்லை நீங்கள்."

அவர் முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பேத்தியைப் பார்த்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"நான் அப்பவே நெனச்சனுங்க. சேலையைப் போத்துறேன், புள்ள கை எறங்கவே மாட்டேங்குது. கை மரத்துகிரத்துப் போச்சோன்னு பயந்துட்டேன்."

"நெனச்சா சொல்ல வேண்டாமா?" என்றார் தாளாளர்.

"எங்க சொல்றது? நீங்கதான் கீழ நின்னுக்கிட்டு, போத்து, போத்துன்னு கோழி முடுக்குற மாதிரி கையை ஆட்டுனீங்களே."

என் பேத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாளாளர் முட்டை அட்டையைக் கீழே வைத்தார். "தப்புத்தானுங்க சாமி" என்று அவளிடம் நேராகச் சொன்னார். "எங்களுக்கு மேடைன்னா மால, பொன்னாட. அது இல்லாம அனுப்புனா ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம அனுப்புன மாதிரி. பதினாலு பேருக்குப் போட்டுட்டு, பாடுபட்ட புள்ளைக்குப் போடாம உட்டா நல்லாவா இருக்கும்? அதான் கை பரபரன்னு இருந்துச்சு. நாளைக்குக் காலையில அசெம்பிளி. பசங்க ஆயிரத்தி எண்ணூறு பேரு நிப்பாங்க. அந்த நாலு நிமிசத்தை அங்க பாடிரலாமுங்களா? நான் மேடைப் பக்கமே வர மாட்டேன்."

அவள் ஜன்னலைப் பார்த்து யோசித்தாள். திங்கட்கிழமை காலை அங்கே பாடிவிட்டு, மாலைக்குள் பதில் சொல்லிவிடலாம். நான் கணக்குப் போட்டேன். அவளும் அதைத்தான் போட்டிருப்பாள்.

"வயலின்காரங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்றாள்.

"பியானோ அங்கயேதான் இருக்குதுங்க சாமி. லாரி செவ்வாக்கெழமதான் வருது."

"சரிங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை நானும் போனேன். பியானோவை அரங்கின் வாசல்வரை உருட்டி வந்து வைத்திருந்தார்கள். படிகளில் நாற்பத்திரண்டு பேர். மைதானத்தில் வகுப்பு வாரியாக வரிசை. தாளாளர் கொடிக்கம்பத்துக்கு அப்பால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், கையை அவிழ்த்தால் ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயந்தவர்போல. அவர் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையோடு நின்றார்.

விடுதிப் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு விசில் அடித்தால் அசையக் கூடாது. இரண்டு விசில் அடிக்கும்வரை யாரும் தும்மக்கூட மாட்டார்கள். அவர் ஒரு விசில் அடித்தார்.

"வா, வா, வா, போதும்!" டம், டம்.

அவள் கை மேலே நின்றது. ஆயிரத்து எண்ணூறு பேர் நின்றார்கள். நான் எண்ணினேன். ஏழில் எங்கோ ஒரு மயில் கத்தியது. பத்தில் சாலையில் லாரி ஒன்று கியர் மாற்றியது. பன்னிரண்டு.

கை இறங்கியது. பியானோவின் கடைசிக் கட்டைகளில், சூடான எஞ்சின் ஆறும்போது கேட்குமே அந்த 'டிக், டிக்' சத்தம், அது வந்தது. ஒரு குழந்தை தனியாக, கிட்டத்தட்டப் பேசுவதுபோல, "ஊடு வந்தாச்சு" என்று பாடியது. இன்னொன்று, "வாழப்பாடி வந்தாச்சு." இன்னொன்று தன் ஊர். இன்னொன்று தன் ஊர். நாற்பத்திரண்டு பேரும் அவரவர் ஊரைச் சொன்னார்கள். ஒவ்வொரு ஊருக்கும் கீழே பியானோ ஒரு கதவைத் திறந்தது. விடுதியில் இருக்கும் பிள்ளைகள். பொங்கலுக்குத்தான் வீட்டுக்குப் போவார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டு ஒரே சுரத்தில் ரீங்கரித்து, அதுவும் தேய்ந்து நின்றது. லாரி நின்றதோடு விட்டுவிட்டுப் போன அந்தத் தொள்ளாயிரம் பேரை நினைத்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

யாரும் கைதட்டவில்லை. இரண்டு விசில் அடிக்கவில்லையே. உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை வாயில் வைத்தபடி அப்படியே நின்றிருந்தார். பிறகு ஞாபகம் வந்து அடித்தார். வரிசை வரிசையாக எல்லோரும் வகுப்புக்குப் போனார்கள்.

அவள் பியானோவை மூடிவிட்டு என்னிடம் வந்தாள். "எவ்வளவு தாத்தா?"

"நான்கு நிமிடம், பத்து நொடி. இருபத்தேழும் நான்கும் முப்பத்தொன்று. முழுசாக ஆகிவிட்டது."

சொல்லும்போதே அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அது கூட்டல் தாத்தா" என்றாள். "சனிக்கிழமை கேட்டது பசங்களோட அப்பா அம்மாங்க. அவங்க இன்னைக்கு இல்லை. இன்னைக்குக் கேட்டது பசங்க. அவங்க சனிக்கிழமை ஹாஸ்டல்ல இருந்தாங்க. முழுசா யார் கேட்டாங்க, சொல்லுங்க."

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். நான், தாளாளர், அவர் மனைவி. எங்களுக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடைவெளி, வயலினும் இல்லை. வேறு வேறு வயலில் வேறு வேறு நாளில் அறுத்ததைக் கூட்டி ஒரே விளைச்சல் என்று எழுதினால் என் மேலதிகாரி தாளைத் தூக்கி எறிந்திருப்பார். என் தொழிலில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். அவளிடம் என்ன வாதம் செய்வது? யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. தாளாளர் தப்பை ஒப்புக்கொண்டார். அந்த அம்மா அன்போடு சேலை கொண்டுவந்தார். கைதட்டியவர்கள் பிடித்துப்போய்த்தான் தட்டினார்கள். ஒரு கெட்டவர்கூட இல்லாமல் ஒரு காரியம் கெட்டுப்போனால் கிழவன் என்னதான் செய்வான்?

அன்று மாலை அவள் அந்தப் பனி ஊருக்கு, வருகிறேன் என்று பதில் அனுப்பினாள். போகும்போது பட்டுச் சேலையைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குளிருக்கு நல்லது என்றாள்.

நாமக்கல் அரங்கில் இப்போது மேடைப் படிக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களாம். நிகழ்ச்சி நடக்கும்போது யாரும் தாண்டக் கூடாது. தாளாளர் தொலைபேசியில் சொன்னார். "கோடு போட்டாச்சுங்க ஐயா. நான் கூடத் தாண்டுறதில்ல. சினிமாப் பாட்டுக்குப் பசங்க ஆடுனாலும் முடிஞ்சு ஒரு நிமிசம் கழிச்சுத்தான் பொன்னாட. அம்மிணி எப்பங்க வருது?"

"ரெண்டு வருடம் என்றுதான் சொல்லியிருக்கிறாள்."

"கோடு அழிஞ்சுதுன்னா மறுக்கா அடிச்சு வெக்கறனுங்க."

போன மாதம் அவள் அங்கிருந்து வீடியோவில் பேசினாள். அந்த ஊர்க் குழந்தைகளை வைத்து முப்பத்தொரு நிமிடத்தையும் செய்துவிட்டாளாம், தமிழிலேயே. பன்னிரண்டு எண்ணும்வரை ஒருவர்கூட இருமவில்லையாம். முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, 'ஊடு' என்றால் ஏதாவது தெய்வமா என்று கேட்டாராம். அவள் சிரித்தாள். நான், "எத்தனை பேர்?" என்றேன். முந்நூற்றுப் பத்து என்றாள். என்னிடம் சொல்வதற்காகவே எண்ணி வைத்திருந்தாள்போல. முழுசாகக் கேட்ட அந்த முந்நூற்றுப் பத்துப் பேரில், லாரி பின்னால் எடுக்கும் சத்தம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவளிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் மாடி எடுக்கிறார். நேற்றுக் காலை செங்கல் லாரி வந்தது. கிளீனர் இறங்கி நின்று, "வா, வா, ஒடி, வா" என்றார். நான் செய்தித்தாளை மடித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். "போதும்!" டம், டம். வண்டி நின்றது, எஞ்சினும் நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். ஐந்து எண்ணுவதற்குள் பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார்.